பாசி மேல் போட்ட பழி

கேள்வி: கடல் சூடாகிப் பவளம் வெளுத்துச் சாகிறது என்கிறார்கள். வேறு கடலிலிருந்து வந்த உயிரினங்கள் பவளப்பாறையை அழிப்பதாகவும் படிக்கிறேன். எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? (கல்லூரி மாணவி)

பதில்: இதில் நானே ஒரு தடவை வழுக்கி விழுந்திருக்கிறேன். ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில், செத்த பவளத்தின் மேல் அந்நியப் பாசி கம்பளி போலப் படர்ந்திருந்ததைப் பார்த்தேன். 'பாசி மூடியதால் பவளம் இறந்தது' என்று தண்ணீருக்கு அடியிலேயே பலகையில் பென்சிலால் எழுதிவிட்டேன். படகில் ஏறியதும் என் வழிகாட்டி கேட்டார்: "போன வருஷம் அந்த இடத்தில் என்ன இருந்தது?" யாரிடமும் படம் இல்லை. பவளம் வெயிலில் செத்த பிறகு, காலி மனையில் பாசி குடியேறியிருக்கலாமே! எழுதியதை ரப்பர் வைத்து அழித்தேன்.

அதனால்தான் எங்கள் வேலையில் முக்கால்வாசி அலுப்பூட்டும் வேலை. பாறையில் குறி வைத்து, அதே இடத்தில் அளவு நாடா விரித்து, அதே சதுரச் சட்டத்தைப் போட்டு, வருஷா வருஷம் படம் எடுக்க வேண்டும். பக்கத்தில் வெப்பமானி ஒன்றும் பதிவு செய்துகொண்டே இருக்கும். கோடை உச்ச வெப்பத்தைவிட 1 டிகிரி செல்சியஸ் கூடி, சில வாரம் அப்படியே நின்றாலே பவளம் தன் உடலுக்குள் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிடும். சாப்பாட்டில் பெரும்பகுதியைத் தருவதே அந்தப் பாசிதான். சூரியப் பவளம் என்று ஒன்று இருக்கிறது. அது இப்படிப் பாசி வளர்ப்பதில்லை, இரையைப் பிடித்துத் தின்கிறது. வெப்பத்தில் மற்றவை வெளுக்கும்போது, வெளுக்க அதனிடம் பாசியே இல்லை. பசிபிக் பகுதியைச் சேர்ந்த அது 1980களில் எண்ணெய் மேடைகளில் ஒட்டிக்கொண்டு பிரேசில் கடலுக்கு வந்ததாகக் கருதுகிறார்கள்.

சிங்கமீன் விஷயத்தில் குழப்பம் குறைவு. இந்தோ–பசிபிக் மீனான அதை 1985இல் அட்லாண்டிக் கடலில், ஃபுளோரிடா அருகே பார்த்தார்கள். பஹாமாஸில் ஒரு சோதனை செய்தார்கள்: சில சிறு பாறைகளில் ஒரே ஒரு சிங்கமீனை விட்டார்கள், மற்றவற்றில் விடவில்லை. ஐந்தே வாரத்தில், சிங்கமீன் இருந்த பாறைகளில் புதிதாகச் சேர்ந்த குஞ்சு மீன்கள் சராசரியாக 79 சதவீதம் குறைவு. ஒப்பிட ஒரு பாறை இருந்ததால் பழி சரியான ஆள் மேல் விழுந்தது. சிங்கமீனுக்குக் குளிர் ஆகாது; ஏறக்குறைய 10 டிகிரியில் செத்துவிடும். குளிர்காலக் கடல் சூடாகச் சூடாக அதன் எல்லையும் நகரும்.

இன்னொன்று. பவளத்தைத் தின்னும் முள்முடி நட்சத்திரமீனையும் பலர் இந்த அந்நியர் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். இந்தோ–பசிபிக் பாறைகளில் அது சொந்த ஊர்க்காரன். பெருகிவிட்டால் தொல்லை, அவ்வளவுதான்.

கேள்வி: சிங்கமீனைப் பிடித்துச் சாப்பிட்டே ஒழித்துவிட முடியாதா? (ஒரு வாசகர்)

பதில்: தாராளமாகச் சாப்பிடலாம். விஷம் முட்களில்தான், கறியில் இல்லை. முக்குளிப்பவர்கள் அடிக்கடி பிடிக்கும் பாறைகளில் உள்ளூர் மீன்கள் மறுபடி தலைகாட்டுவதும் உண்மை. ஆனால் ஒரு பெண் மீன் வருஷத்துக்கு ஏறக்குறைய 20 லட்சம் முட்டை இடுகிறது. 300 மீட்டர் ஆழத்திலும் சிங்கமீன் இருக்கிறது. நான் ஈட்டியோடு இறங்குவது 30 மீட்டர் வரைதான்.