தகரம் தட்டப் போகிறேன் என்கிற மகன்

அக்கா, "ஓஎல் எழுதிவிட்டு வந்தவன் பழைய கார் வெட்டி ஒட்டப் போறன் எண்டு நிக்கிறான், இதெல்லாம் ஒரு தொழிலோ?" என்று கேட்டீர்கள். தொழில்தான். ஆனால் அவன் போனில் பார்க்கிறது வேறு, கொழும்பில் சோறு போடுகிறது வேறு.

அவன் காட்டிய படங்களில் அரைவாசி 1949 - 51 அமெரிக்க மேர்க்கரி கார்கள். கூரைத் தூண்களை அறுத்து, கூரையைச் சில அங்குலம் இறக்கி, பொருத்தில் ஈயம் உருக்கி நிரப்பி அராவுவார்கள். கலிபோர்னியாவில் சாம், ஜோர்ஜ் பாரிஸ் சகோதரர்கள் அதில் பேர் எடுத்தவர்கள். இங்கே உடலமைப்பை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைய வேண்டும். அதைவிட, பாட்டன் வைத்திருந்த மொரிஸ் மைனரை அறுக்க யார் கொடுப்பார்கள்? இங்கே பழைய காருக்கு மதிப்பே அது இருந்தபடி இருப்பதில்தான்.

ஆகவே வேலை இருப்பது டிங்கரிங்கில். துருப்பிடித்த தரைத்தகட்டை வெட்டி, புதுத்தகரம் வளைத்து வைக்கிற வேலை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் பழைய கார்களை ஓடவைத்தவர்கள் இந்த வேலை செய்கிற பாஸ்மார், அதாவது கராஜ் மேஸ்திரிமார்தான். ஒருகாலம் மொரிஸ் மைனர் தகடுகளை இலங்கையில் அடித்து, அந்தக் காரைச் செய்த பிரித்தானியாவுக்கே அனுப்பினார்கள் என்றால் பாருங்கோ.

நல்ல பாஸை எப்படி அறிவது? ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தைத் துணியில் சுற்றி அவர் முடித்த கதவில் வையுங்கோ. பிடிக்காவிட்டால், பெயின்டுக்கு அடியில் பள்ளத்தை மறைக்கிற பட்டிப் பசை மொத்தமாய்ப் பூசியிருக்கிறது. அங்கே பிள்ளையை விட வேண்டாம்.

ரிசல்ட்ஸ் வரும்வரை ஒரு கராஜில் விடுங்கோ. முதல் இரண்டு கிழமை மண்தாள் தேய்ப்பதுதான் கிடைக்கும். அதற்குப் பிறகும் காலையில் தானாக எழும்பிப் போனால் யோசிக்க வேண்டாம். சிங்களமும் தானாக வரும். ஒன்றை மட்டும் முதலிலேயே கேளுங்கோ: டூ-பேக், அதாவது இறுக்கி கலந்து அடிக்கிற பெயின்ட் அடிக்கும்போது காற்றுக் குழாய் வைத்த முகமூடி இருக்கிறதா? அந்தப் பெயின்டில் இருக்கிற ஐசோசயனேட்டு என்கிற இரசாயனம் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், துணி மாஸ்க் தடுக்காது.

பிறகு, 1959இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகத்துக்கு விண்ணப்பிக்கலாம். வெள்ளவத்தையிலிருந்து 101 பஸ்தான். என்விகியூ என்கிற தேசிய தொழில் தகைமையில் 4ஆம் மட்டம் கிடைத்தால் தகைமையுள்ள கைவினைஞர். 5, 6 டிப்ளோமா. 7 பட்டத்துக்குச் சமம். இரத்மலானையில் தொழிற்கல்விப் பல்கலைக்கழகமே இருக்கிறது. "கராஜ்காரன்" என்கிற சொந்தக்காரருக்கு இதைச் சொல்லுங்கோ.

அவன் விரும்புவது காரைப் படமாகக் கீறி வடிவமைப்பதை மட்டும் என்றால் கதை வேறு. ஏஎல் படித்து, மொறட்டுவைப் பல்கலைக்கழக வடிவமைப்புப் பட்டத்துக்கு உளச்சார்புப் பரீட்சை எழுத வேண்டும்.

அவன் தட்டிய முதல் தகரத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கோ. வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்து எடுக்கட்டும், அலை இருந்தால் அப்போதுதான் தெரியும்.