ஊசி நிழலில் பேய்க்கூட்டம்

கேள்வி: 1933-இல் வந்த ‘நைட் ஆன் பால்ட் மவுண்டன்’ அனிமேஷன் குறும்படத்தில் பேய் உருவங்கள் புகைபோல உருமாறுகின்றனவே, எப்படி?
– வாசகர், திருச்சி

பதில்: அவை பேனாவால் வரைந்தவை அல்ல. படத்தை எடுத்த அலெக்சாந்தர் அலெக்சேயெஃபும் கிளேர் பார்க்கரும் வெள்ளைப் பலகையில் லட்சக்கணக்கான ஊசிகளைச் செருகி, பக்கவாட்டில் விளக்கு வைத்தார்கள். ஊசி முழுக்க நீட்டியிருந்தால் நீள நிழல் விழுந்து அந்த இடம் கறுப்பாகும். பாதி அமுக்கினால் சாம்பல் நிறம், முழுக்க அமுக்கினால் வெள்ளை. உருளை, கரண்டி போன்றவற்றால் அழுத்தித்தான் உருவங்களைக் கொண்டுவந்தார்கள். அதனால்தான் ஓரங்கள் அவ்வளவு மென்மை.

வில்லங்கமும் உண்டு. ஒரு ஃபிரேமை எடுத்ததும் அதே பலகையைத் திருத்தித்தான் அடுத்த ஃபிரேம். முந்தையது போனது போனதுதான். நடுவே விளக்கு இம்மி நகர்ந்தாலும் நிழல்கள் அத்தனையும் மாறி, திரையில் படம் துடிக்கும்.

படத்துக்கு அடிப்படையான, ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் இசையில் விடியலில் தேவாலய மணி ஒலித்ததும் பேய்க்கூட்டம் கலைகிறது. வண்ணத்தில் எடுத்திருந்தால் அந்த அச்சம் பாதிகூட வந்திருக்காது.