கலிஃபோர்னியா கவுண்டில ஐடி வேலை, அதுக்கு எதுக்குங்க ஃபீமா கோர்ஸ்?

கேள்வி கேட்டவர் சொல்றது இதுதான்: கலிஃபோர்னியால ஒரு கவுண்டில, அதாவது நம்ம மாவட்டம் மாதிரி உள்ளூர் அரசாங்கத்துல, டேட்டாபேஸ் பாக்குற வேலைக்குச் சேர்ந்திருக்கார், சேர்ந்த கையோட ஹெச்ஆர்ல இருந்து மெயில், ஃபீமா, அதாவது அமெரிக்க மத்திய அரசோட பேரிடர் நிர்வாக அமைப்பு, நடத்துற ஐஎஸ்-100, 200, 700, 800ன்னு நாலு கோர்ஸ் முடிச்சு சர்டிஃபிகேட் அனுப்புங்கன்னு. சர்வரைக் கட்டிட்டு அழுவுற எனக்கு எதுக்கு தீயணைப்புக்காரங்க பாடம், சும்மா நெக்ஸ்ட் நெக்ஸ்ட்டுன்னு தட்டி முடிச்சிரலாமான்னு கேக்குறார்.

நானும் இதே மாநிலத்துல வேற ஒரு கவுண்டிலதான் இருக்கேன், மேப் போடுற வேலை, அதாவது ஜிஐஎஸ். காட்டுத்தீயோ பெருமழையோ எது வந்தாலும் இஓசிக்கு, அதான் எமர்ஜென்சி ஆபரேஷன்ஸ் சென்டருக்கு, கூப்பிட்டு உக்கார வெச்சிருவாங்க. அந்த அனுபவத்துல சொல்றேன்.

முதல் காரணம் காசு. வேற ஒண்ணுமில்ல. செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அப்புறம் 2003 பிப்ரவரில அதிபர் புஷ் ஒரு உத்தரவு போட்டார், ஹெச்எஸ்பிடி-5ன்னு பேரு, நாடு முழுக்க எந்தப் பேரிடர் வந்தாலும் எல்லாரும் ஒரே முறைல வேலை செய்யணும், அதுக்கு ஒரு சிஸ்டம் எழுதுங்கன்னு. 2004 மார்ச்ல நிம்ஸ் வந்தது, நேஷனல் இன்சிடென்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம். ஆனா இந்த ஊர்ல வாஷிங்டன் நெனச்ச மாதிரி ஒரு கவுண்டியைப் பாத்து "இப்படித்தான் செய்யணும்"னு ஆர்டர் போட முடியாது, அதனால சுத்தி வளைச்சு வந்தாங்க, 2005 நிதியாண்டுல இருந்து நிம்ஸை ஏத்துக்கிட்டாத்தான் பேரிடர் தயாரிப்பு கிராண்ட்டுன்னுட்டாங்க. பேச்சுக்கு விருப்பம், நடைமுறைல கட்டாயம். அதுலயும் ஈஎம்பிஜின்னு ஒரு கிராண்ட், பல கவுண்டில எமர்ஜென்சி ஆபீஸ் ஆளுங்களுக்கு சம்பளத்துல ஒரு பங்கு அதுல இருந்துதான் வருது, அந்தக் காசுல சம்பளம் வாங்குறவங்க நீங்க சொன்ன அதே நாலு கோர்ஸையும் முடிச்சே ஆகணும். மத்தவங்களுக்கு யாருக்கு எவ்வளவு வேணும்னு கவுண்டியே முடிவு பண்ணும், பாதி கவுண்டி யோசிக்கவே சோம்பல்பட்டு எல்லாருக்கும் ஒரே மெயிலைத் தட்டி விட்டுரும். உங்களுக்கு வந்தது அதுதான்னு நெனைக்கிறேன்.

கலிஃபோர்னியால இது போதாதுன்னு செம்ஸ்னு மாநிலத்தோட சொந்த பேரிடர் முறை இன்னொண்ணு இருக்கு, ஸ்டாண்டர்டைஸ்டு எமர்ஜென்சி மேனேஜ்மென்ட் சிஸ்டம், அது நிம்ஸுக்கும் மூத்தது. 1991 அக்டோபர்ல ஓக்லாண்ட் மலைப் பக்கம் தீப்பிடிச்சு 25 பேர் செத்துப்போனாங்க. அக்கம்பக்கத்து ஊர்ல இருந்தெல்லாம் வண்டி ஓடி வந்தது, ஆனா ஓக்லாண்ட்ல தீயணைப்பு வண்டி தண்ணி பிடிக்கிற ஹைட்ரன்ட் வாய் 3 இன்ச்சு, வந்தவங்க கொண்டு வந்த ஹோஸ் 2.5 இன்ச்சு, அடாப்டர் பத்தல. ரேடியோவும் ஒண்ணோட ஒண்ணு பேசல. அதுக்கப்புறம் மாநிலம் சட்டமே போட்டு, 1996 டிசம்பர்ல இருந்து உள்ளூர் அரசாங்கங்க செம்ஸ் முறைப்படி வேலை செஞ்சாத்தான் ஆளுங்க செலவை மாநிலம் திருப்பித் தரும்னு சொல்லிருச்சு. அதனால ஃபீமா நாலோட ஜி606ன்னு ஒரு செம்ஸ் கோர்ஸும் உங்க லிஸ்ட்ல சேரலாம், சேந்தா ஆச்சரியப்படாதீங்க.

இன்னொண்ணும் யாரும் சொல்ல மாட்டாங்க, கலிஃபோர்னியால கவுண்டி, சிட்டி ஊழியர் எல்லாருமே சட்டப்படி டிசாஸ்டர் சர்வீஸ் வொர்க்கர், அதாவது பேரிடர் வந்தா அந்த வேலைக்குக் கூப்பிடலாம். கவர்ன்மென்ட் கோடு 3100. வேலைல சேரும்போது கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்தீங்களே அது இதுக்கும் சேத்துதான். நீங்க குடியுரிமை இல்லாம விசாலயோ கிரீன் கார்டுலயோ இருந்தா அந்தச் சட்டத்தோட வரையறைல வர மாட்டீங்க, ஆனா அதைச் சொல்லி கோர்ஸ்ல இருந்து தப்பிக்கலாம்னு பாக்காதீங்க, ஹெச்ஆர் அவ்வளவு தூரம் படிச்சிருக்க மாட்டாங்க.

சரி, தீயணைப்புக்காரங்க பாடம்னீங்க. அது உண்மைதான். 1970 செப்டம்பர் கடைசில தெற்கு கலிஃபோர்னியால 13 நாள் விடாம தீ, 16 பேர் பலி, 700க்கு மேல கட்டடம் போச்சு, 5 லட்சம் ஏக்கருக்கு மேல எரிஞ்சது. முடிஞ்சப்புறம் உக்காந்து ஆராய்ஞ்சா, வண்டி பத்தலங்கறதோ ஆள் பத்தலங்கறதோ பெரிய பிரச்சனை இல்ல. யார் யாருக்கு பாஸ்னு தெரியல, ஒரே ஆளுக்குக் கீழ கணக்கில்லாம பேரு, ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் தனித்தனி பிளான், ஒருத்தர் ரேடியோ கோடு இன்னொருத்தருக்குப் புரியல. கல்யாண மண்டபத்துல நாலு பெரியப்பா சமையல்காரரை நாலு பக்கம் இழுப்பாங்களே, அது நெருப்புக்கு நடுவுல நடந்தா எப்படி இருக்கும். அப்ப யுஎஸ் ஃபாரஸ்ட் சர்வீஸ், மாநில வனத்துறை, லாஸ் ஏஞ்சலஸ், வென்டுரா, சாண்டா பார்பரா தீயணைப்புத் துறைங்க எல்லாம் சேந்து ஃபயர்ஸ்கோப்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு உருவாக்குனதுதான் இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம், ஐசிஎஸ். நிம்ஸ் அதை அப்படியே உள்ள எடுத்து வெச்சுக்கிச்சு, உங்க 100, 200 கோர்ஸ் ரெண்டும் இந்த ஐசிஎஸ் பத்தினதுதான்.

இது தீக்கு மட்டும்னு நெனைக்காதீங்க. 9/11 கமிஷன் 2004ல குடுத்த அறிக்கைல, நியூயார்க்ல போலீஸும் தீயணைப்பும் ஒருத்தருக்கொருத்தர் தகவல் போகாம திண்டாடுனதையும், அதே நாள் பென்டகன்ல ஆர்லிங்டன் கவுண்டி ஆளுங்க ஐசிஎஸ் பழக்கத்தால ஓரளவு ஒழுங்கா சமாளிச்சதையும் ஒப்பிட்டு எழுதி, நாடு முழுக்க இதை ஏத்துக்கணும்னே சிபாரிசு பண்ணியிருக்காங்க. ரெண்டு எடமும் ஒண்ணில்ல, நியூயார்க் எவ்வளவோ மடங்கு கஷ்டமான எடம்னும் அவங்களே சொல்லியிருக்காங்க, அது நியாயமும் கூட.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி. தட்டி முடிச்சிரலாமா? முடிச்சிரலாம். 75 சதவீதம் எடுத்தா பாஸ், காசு கிடையாது, ஒவ்வொண்ணும் சில மணி நேரம், விடைத்தாள் நெட்ல சுத்திட்டே இருக்கு. அதுதான் இந்த கம்ப்ளையன்ஸ்ல எனக்குப் பிடிக்காத விஷயமே. மேல அனுப்புற ரிப்போர்ட்ல எத்தனை பேர் சர்டிஃபிகேட் வாங்குனாங்கன்னு எண்ணலாம், ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வந்தா எத்தனை பேருக்கு எங்க போய் நிக்கணும்னு தெரியும்ங்கறதை எப்படி எண்ணுவீங்க? நாலு சர்டிஃபிகேட்டும் ஃபிரேம் போட்டு மாட்டுன ஆளு இஓசிக்குள்ள வந்து நான் யார்கிட்ட ரிப்போர்ட் பண்ணணும்னு முழிச்சதை நான் பாத்திருக்கேன், ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல. அவங்களைக் குத்தம் சொல்லவும் முடியாது, ரெண்டு வருஷம் முன்னாடி லன்ச் டைம்ல ஒரு சாண்ட்விச்சோட முடிச்ச கோர்ஸ் எப்படிங்க ஞாபகம் இருக்கும்.

அதனால தட்டுறதுன்னா சுருக்கப் பேரு, எந்த வருஷம் எந்தச் சட்டம், அதையெல்லாம் தட்டிட்டுப் போங்க, ஆனா 100லயும் 200லயும் சில எடத்துல நில்லுங்க. ஒருத்தருக்கு ஒரே சூப்பர்வைசர்னு வருது பாருங்க, அது நம்ம மாதிரி ஆளுங்களுக்கு உயிர் காக்குற ரூல். வெள்ளம் வந்த மொதல் சில மணி நேரத்துல மேப் போடுறவனைப் பிடிச்சு ஆளாளுக்கு இழுப்பாங்க, ஷெரிஃப் ஆபீஸுக்கு ரோடு மூடுன மேப், ஹெல்த்துக்கு முதியோர் இல்ல மேப், கவுண்டி போர்டுக்கு மக்கள் தேர்ந்தெடுத்த சூப்பர்வைசர் ஒருத்தரோட உதவியாளர் வந்து அவர் ஏரியாவை மட்டும் பெருசா பிரிண்ட் போடச் சொல்லுவார். அப்ப சிரிச்ச முகத்தோட "பிளானிங் செக்‌ஷன் சீஃப்கிட்ட சொல்லிருங்க சார், அவர் சொன்ன வரிசைல போட்டுத் தர்றேன்"னு சொல்ல முடியுது பாருங்க, சாதாரண நாள்ல அந்த ஆளுங்ககிட்ட நாம இப்படிப் பேச முடியுமா? ஐடி ஆளா உங்களை பெரும்பாலும் லாஜிஸ்டிக்ஸ்ல கம்யூனிகேஷன்ஸ் பக்கம் உக்கார வெப்பாங்க, உங்ககிட்டயும் ஆளாளுக்கு வந்து லேப்டாப் குடு, லாகின் குடு, பிரிண்டர் வேலை செய்யலம்பாங்க, எல்லாத்தையும் ஐசிஎஸ் 213ங்கற மெசேஜ் ஃபார்ம்ல எழுதி வாங்குங்க. வாய்ல கேட்டதை வாய்லயே மறந்துருவாங்க.

அடுத்து 214ங்கற ஃபார்ம். ஆக்டிவிட்டி லாக். எத்தனை மணிக்கு என்ன செஞ்சோம்னு எழுதி வெக்கிற ஒத்தைத் தாளு, எல்லாருக்கும் பிடிக்காத தாளு. இதுல இருக்குற காசு யாருக்கும் புரியறதில்ல. பேரிடர்னு அதிபர் அறிவிச்சுட்டா ஃபீமாவோட பப்ளிக் அசிஸ்டன்ஸ்ல தகுதியான செலவுல குறைஞ்சது 75 சதவீதம் திரும்பி வரும், ஆனா அவசர வேலைக்கு நிரந்தர ஊழியரோட சாதாரண நேரத்தைப் பொதுவா தர மாட்டாங்க, ஓவர்டைம் மட்டும்தான். அந்த ஓவர்டைம்ல நீங்க உண்மையிலயே வெள்ள வேலைதான் பாத்தீங்க, எப்பவும் பாக்குற டேட்டாபேஸ் பேட்ச் வேலை இல்லன்னு யார் சொல்றது? டைம்ஷீட்டோட இந்தத் தாளுதான் சொல்லும். பல வருஷம் கழிச்சு ஆடிட்டர் வந்து கேக்கும்போது அந்த ராத்திரி வேலை பாத்தவங்க பாதிப் பேரு ரிட்டயர் ஆகிப் போயிருப்பாங்க, ஆதாரம் இல்லாத செலவுன்னு எழுதுனா கவுண்டி வாங்குன காசைத் திருப்பிக் கட்டணும். அதனால "உதவி செய்தேன்"னு மொட்டையா எழுதாதீங்க, "02:10, ஷெல்டர்ல பதிவு செய்ற லேப்டாப் ஆறு செட் பண்ணினேன்"னு எழுதுங்க.

700 நிம்ஸ் பத்தினது, அதை நிதானமா படிங்க, நல்லா எழுதியிருக்காங்க. 800 எனக்கு தூக்கம் வந்தது, வாஷிங்டன்ல எந்தத் துறை எந்த உதவிக்குப் பொறுப்புன்னு லிஸ்ட்டு, உங்க வேலைல அது கைக்கு வர்ற வாய்ப்பு கம்மி. 300, 400ன்னு நேர்ல போற கிளாஸ் இருக்கு, 300 மூணு நாள் நடக்கும், டீம் போட்டு பிளான் எழுத வெப்பாங்க, கத்துக்கிறதுன்னா அதுதான் கத்துக்கிறது. ஆனா அது ஆளை மேய்க்கிற பொறுப்புல இருக்கறவங்களுக்கு, சீட் கிடைக்கிறது கஷ்டம், உங்க மேனேஜர் அனுப்புறேன்னா விட்டுராதீங்க.

நம்ம ஊர்ல இதெல்லாம் இல்லையான்னு அடுத்து யாராச்சும் கமென்ட்ல கேப்பீங்க. இருக்கு. தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010 ஜூலைலயே இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் சிஸ்டம்னு வழிகாட்டி போட்டிருக்கு, வேர் இதே ஐசிஎஸ்தான், மாவட்டத்துல கலெக்டர் ரெஸ்பான்சிபிள் ஆபீசர், மாநிலத்துல தலைமைச் செயலாளர். நம்ம ஊர்ல கலெக்டர் சொன்னா எல்லா துறையும் ஓடி வர்ற பழக்கம் ஏற்கனவே இருக்கறதால ஒருத்தர் கைல பொறுப்புங்கறது இங்க விட அங்க சுலபம்னுகூட எனக்குத் தோணும், ஆனா கீழ்மட்டத்துல யார் யாருக்கு ரிப்போர்ட்டுங்கறது அதே தலைவலிதான்.

கடைசியா வேலைக்கு ஆகறதைச் சொல்லிடறேன். மொதல்ல ஃபீமா சைட்டுல எஸ்ஐடின்னு ஒரு மாணவர் நம்பர் வாங்குங்க, அது இல்லாம பரீட்சை எழுத முடியாது, நம்பரை எங்கயாவது பத்திரமா எழுதி வெச்சுக்கோங்க. 100, 700 ரெண்டையும் முதல்ல, அப்புறம் 200, கடைசில 800. சர்டிஃபிகேட் பிடிஎஃப் மெயில்ல வரும், ஹெச்ஆருக்கு அனுப்பிட்டு உங்க சொந்த மெயில்லயும் ஒரு காப்பி வைங்க, வேற கவுண்டிக்கு மாறினா மறுபடியும் அதையேதான் கேப்பாங்க. முடிச்சதும் உங்க எமர்ஜென்சி ஆபீஸுக்கு ஒரு மெயில் போட்டு அடுத்த டேபிள்டாப் எக்சர்சைஸ், அதாவது மேஜையைச் சுத்தி உக்காந்து பேசிப் பாக்குற ஒத்திகை, எப்பன்னு கேட்டு பேரைக் குடுங்க, ஐடில இருந்து ஒருத்தர் தானா வந்து கேட்டார்னா அவங்களுக்கு சந்தோஷம் தாங்காது, பெரும்பாலும் மதியம் சாப்பாடும் அவங்களே வாங்கிக் குடுத்துருவாங்க.