வேலை இல்லாத நாட்களில் தூக்கம் தள்ளிப்போவது ஏன்? எட்டு மணி நேரம் தூங்கியும் தெம்பு இல்லையே, ஏன்?

கேள்வி: வேலை போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. இரவு மூன்று மணி வரை தூக்கம் வருவதில்லை, பகல் பதினொன்றுக்குத்தான் எழுகிறேன். எட்டு மணி நேரம் தூங்கியும் நாள் முழுக்க அசதி. ஒரு விண்ணப்பம் போடக்கூடத் தெம்பில்லை. நான் சோம்பேறியாகிவிட்டேனா?

பதில்:

இல்லை. வேலையில் இருந்தவரை உங்கள் தூக்கத்தை வேலைதான் பார்த்துக்கொண்டது. இப்போது அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. இதை நமக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

மூளைக்குள் ஓடும் கடிகாரத்துக்கு ஒரு நாள் என்பது சரியாக 24 மணி நேரம் கிடையாது. தூக்க ஆய்வாளர் சார்லஸ் சைஸ்லர் குழுவினர் 1999ல் வெளியிட்ட ஆய்வில் அது சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று வந்தது. அந்தப் பதினொரு நிமிடத்தைத் தினமும் பின்னுக்கு இழுத்துச் சரிசெய்வது காலை வெளிச்சம். அலாரம் வைத்து எழுப்பி, அந்த வெளிச்சத்தில் கொண்டுபோய் நிறுத்தியது உங்கள் வேலை. இப்போது காலை வெளிச்சத்தில் பாதி, இழுத்துவிட்ட திரைச்சீலைக்கு வெளியிலேயே போய்விடுகிறது. ராத்திரியில் ஃபோன் வெளிச்சம் வேறு, இன்னும் பொழுது இருக்கிறது என்று மூளையிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அப்புறம் தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து மூன்று மணியில் போய் நிற்பதில் ஆச்சரியம் என்ன?

இதெல்லாம் உடம்பின் கணக்கு. மனசின் கணக்குதான் பெரியது என்பது என் எண்ணம். நானும் வேலை இல்லாமல் இருந்திருக்கிறேன். காலையில் விழிப்பு வந்துவிடும். ஆனால் வீட்டில் மற்றவர்கள் குளித்துக் கிளம்பி, வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்கும் வரை எழத் தோன்றாது. "இன்னைக்கு என்ன பண்ணப் போற?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பதற்குப் பெயர் தூக்கம் இல்லை. அதே மனசு ராத்திரி பதினொன்றுக்கு மேல் லேசாகிவிடும். அந்த நேரத்தில் ஊர் உலகத்தில் பெரும்பாலோருக்கு வேலை இல்லை. யாரும் அழைக்க மாட்டார்கள், எந்த நிறுவனமும் பதில் போடாது, எதையும் செய்யாமல் இருப்பது குற்றமாகத் தெரியாது. வேலை இல்லாதவர்கள் கண் விழித்திருப்பதற்கு இந்த நிம்மதியும் ஒரு காரணம். 'சீக்கிரம் படு' என்று வீட்டில் சொல்வது எடுபடாமல் போவதும் இதனால்தான்.

தெம்பு விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்திரியாவில் மரியந்தால் என்று ஒரு சிற்றூர். அங்கிருந்த நெசவு ஆலை மூடப்பட்டு ஏறக்குறைய ஊருக்கே வேலை போனது. மரி யகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்சைசல் என்ற சமூக ஆய்வாளர்கள் அங்கே ஆய்வு செய்து 1933ல் வெளியிட்டார்கள். ஜன்னலோரம் மறைந்து நின்று, தெருவில் போகிறவர்களின் நடை வேகத்தைக்கூட அளந்திருக்கிறார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பலர் கைக்கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டிருந்தார்கள். நூலகத்தில் கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகும், கையில் நேரம் கொட்டிக்கிடந்தும், புத்தகம் எடுப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. வீட்டு வேலை தலைக்கு மேல் கிடந்த பெண்கள் மட்டும் ஆண்களைவிட வேகமாக நடந்தார்கள். அதே ஊர், அதே வறுமைதான். ஆனால் அவர்கள் நாளில் இந்த நேரத்துக்கு இது என்ற ஒழுங்கு மிச்சம் இருந்தது.

இதை எனக்குத் தோன்றிய அளவில் சொல்கிறேன்: தெம்பு வந்த பிறகு எழுந்து ஏதாவது செய்யலாம் என்று காத்திருந்தால் அது வராது. வேலையில் இருந்த காலத்திலும் தெம்போடு எழுந்தா கிளம்பினோம்? எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும் என்பதால் கிளம்பினோம், தெம்பு வழியில் வந்து சேர்ந்துகொண்டது.

சரி, என்ன செய்யலாம்? படுக்கும் நேரத்தை விட்டுவிடுங்கள், அது நம் கையில் இல்லை. எழும் நேரம் நம் கையில் இருக்கிறது. பதினொன்றுக்கு எழுகிறவர் நாளையே ஆறு மணிக்கு அலாரம் வைத்தால் இரண்டு நாளில் வெறுத்துவிடும். பத்தரை, இரண்டு மூன்று நாள் கழித்துப் பத்து என்று இறக்குங்கள். முந்தைய இரவு மோசமாகப் போயிருந்தாலும் அந்த நேரத்தை மாற்றாதீர்கள், ஞாயிற்றுக்கிழமைக்கும் விலக்கு கிடையாது. கண் விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கிறது. பதினொன்றுக்கு எழுந்தவருக்கு இரவு பதினொன்றில் பன்னிரண்டு மணி நேரச் சரக்குதான் சேர்ந்திருக்கும். அப்புறம் எப்படித் தூக்கம் வரும்? பகலில் ஒன்றரை மணி நேரம் அசந்துவிட்டால் அதிலும் ஒரு பகுதி கரைந்துவிடும். தாங்கவே முடியாவிட்டால் மதியம் இருபது நிமிடம் போதும், அலாரம் வைத்துக்கொண்டு. காபி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். காஃபின் அடினோசினைத் தன் வேலையைச் செய்யவிடாது. குடித்து ஐந்து மணி நேரம் போனாலும் பாதி உடம்பில் இருக்கும், ஆகவே மதியத்தோடு நிறுத்துவது நல்லது.

எழுந்ததும் வீட்டை விட்டு வெளியே வந்து ஒரு அரை மணி நேரம் நடங்கள். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். விளக்கு போட்ட அறையின் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். மேகமூட்டமான நாளிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். கடிகாரத்துக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். எனக்கு உபயோகப்பட்டது இன்னொன்று: காலையில் வெளியே ஒருவர் எனக்காகக் காத்திருக்கும்படி ஏற்பாடு செய்துகொண்டது. நண்பரோடு நடையாக இருக்கலாம், ஒரு வகுப்பாக இருக்கலாம். நமக்கு நாமே கொடுத்த வாக்கை விடியற்காலையில் சுலபமாக மீறிவிடுவோம், தெருமுனையில் ஒருவர் நிற்கிறார் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவோம்.

விண்ணப்பம் போடும் வேலையைப் பகலில் இரண்டு மணி நேரத்துக்குள் அடக்குங்கள். வேலை தேடும் தளங்களை நள்ளிரவில் திறக்கவே வேண்டாம். 'வருந்துகிறோம்' என்று தொடங்கும் மின்னஞ்சலைப் படுக்கையில் ஒரு மணிக்குப் படித்துவிட்டுத் தூங்கிய மனிதரை நான் பார்த்ததில்லை. படுத்து வெகுநேரமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வந்து மங்கலான வெளிச்சத்தில் எதையாவது படியுங்கள், கண் சொக்கும்போது போய்ப் படுத்தால் போதும். வேலை இல்லாதபோது படுக்கையே நாற்காலி, அலுவலகம், ஒளிந்துகொள்ளும் இடம் எல்லாமாக மாறிவிடுகிறது. அதைத் தூங்க மட்டும் வைத்துக்கொள்வது தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சையில் முக்கியமான பகுதி.

இதையெல்லாம் சில வாரம் செய்தும் அசதி குறையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு, குறட்டையோடு மூச்சு தடைபடுவது எல்லாமே இதே அசதியாகத்தான் வெளியே தெரியும். பிடித்த விஷயங்கள்கூடப் பிடிக்காமல் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது என்றாலும் போங்கள், அது மனச்சோர்வாக இருக்கலாம். இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால் நாளை வரை காத்திருக்காமல் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். இடையில் நேர்காணலுக்கு அழைப்பு வந்தால், காலை ஒன்பதுக்கு என்றதும் உடனே சரி என்று சொல்லாதீர்கள். கடிகாரத்தை ஒரே ராத்திரியில் மூன்று மணி நேரம் முன்னால் தள்ள முடியாது. மதியம் இரண்டு மணிக்கு வைக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதில் தவறில்லை, காரணமும் சொல்ல வேண்டியதில்லை.