பீக்கின் இருபுறமும் நெளிவா? முதலில் எஃப்ஐடியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: கடலூர் சிப்காட்டில் மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஆலையொன்றில் தரக்கட்டுப்பாட்டில் வேலை செய்கிறேன். சாம்பிளை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்துப் புதுச்சேரிக்கு அனுப்பி, 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் புரோட்டான் என்எம்ஆர் எடுக்கிறோம். இந்த முறை மெத்தாக்ஸி பீக்குக்கும் டிஎம்எஸ் (அளவுகோலாகச் சேர்க்கும் பொருள்) பீக்குக்கும் இருபுறமும் பொடிப்பொடியாக ஏதோ தெரிகிறது. இம்ப்யூரிட்டி என்கிறார் மேலாளர். டேட்டா ஃபோல்டரும் டாப்ஸ்பின் மென்பொருளும் கையில் இருக்கின்றன. அதில் டிடி (பதிவு செய்யும் புள்ளிகளின் எண்ணிக்கை) 16384, ஸ்பெக்ட்ரத்தின் அகலம் 20 பிபிஎம் என்று இருக்கிறது. எஃப்ஐடியை (கருவி பதிவு செய்த மூல அலையை) எப்படிப் பார்ப்பது, என்ன மாற்றிப் பார்ப்பது?

பதில்: எனக்கு முதலில் சந்தேகம் வருவது அந்த 16384 மேல்தான். 400 மெகாஹெர்ட்ஸில் 20 பிபிஎம் என்றால் 8000 ஹெர்ட்ஸ். டிடியை அதன் இரு மடங்கால் வகுத்தால் பதிவு நேரம் 1.02 விநாடி. மெத்தாக்ஸி, டிஎம்எஸ் போன்ற கூர்மையான சிக்னல்கள் அதற்குள் அடங்கிவிடாது. சிக்னல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே பதிவை நிறுத்தினால், எஃப்ஐடியை ஸ்பெக்ட்ரமாக்கும் கணக்கான ஃபூரியர் மாற்றம் அந்த வெட்டை நெளிவுகளாகக் காட்டும்.

ஊகத்தோடு நிற்க வேண்டாம், பார்த்துவிடலாம். டேட்டாவைத் திறந்து, மேலே உள்ள தாவல்களில் ‘ஃபிட்’ (எஃப்ஐடி) என்பதை அழுத்துங்கள். வலது ஓரத்தைப் பெரிதாக்குங்கள். வெறும் இரைச்சல் மட்டும் இருந்தால் பதிவு முழுமை. அலை இன்னும் தெளிவாக ஆடிக்கொண்டே சுவரில் முட்டினால் வெட்டுப்பட்டிருக்கிறது. இடது ஓரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்: சிக்னல் உடனே உச்சத்தில் தொடங்காமல் சில பத்துப் புள்ளிகள் தாண்டித்தான் எழும். அது டிஜிட்டல் ஃபில்டரின் தாமதம். அதை வெட்டி எறியக் கூடாது, மென்பொருளே கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

இடது பக்கத்தில் பார்க்க வேண்டியது வேறொன்று: அலையின் தலை ரம்பத்தால் அறுத்தது போல் தட்டையாக இருக்கிறதா? இருந்தால் ரிசீவர் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) அதிகம். அந்த டேட்டாவை எந்தச் செயலாக்கமும் மீட்காது, மறுபடி எடுக்க வேண்டியதுதான். நம் கடற்கரைக் காற்றில் திறந்து வைத்த டிஎம்எஸ்ஓ தண்ணீரை வேகமாக இழுத்துக்கொள்ளும். 3.33 பிபிஎம்மில் தண்ணீர் பீக் மலைபோல் நின்றால், கெயினை அதற்காகவே குறைக்க வேண்டியிருக்கும். உங்கள் சிறிய பீக்குகள்தான் பாதிக்கப்படும்.

இனி ஸ்பெக்ட்ரத்துக்கு வருவோம். ஒரு பீக்கின் இருபுறமும் சமச்சீராகத் தெரிவதெல்லாம் இம்ப்யூரிட்டி ஆகாது. இடைவெளியை ஹெர்ட்ஸில் அளந்து பாருங்கள். வெட்டுப்பட்ட நெளிவுகள் பதிவு நேரத்தின் தலைகீழ் இடைவெளியில், அதாவது உங்களுக்குச் சுமார் ஒரு ஹெர்ட்ஸுக்கு ஒன்றாக வரும். பேஸ்லைனுக்கு மேலும் கீழுமாக மாறி மாறி ஆடும். நிஜமான பொருளின் பீக், ஃபேஸ் (பீக்கை நிமிர்த்தும் திருத்தம்) சரியாக இருந்தால், கீழே போகாது. மெத்தாக்ஸியிலிருந்து இருபுறமும் சுமார் 72 ஹெர்ட்ஸ் தள்ளி, ஒவ்வொன்றும் அரை சதவீத உயரத்தில் நின்றால் அவை கார்பன்-13 அணுவோடு இணைந்த புரோட்டான்கள் தரும் துணை பீக்குகள்; டிஎம்எஸ்ஸுக்கு அந்தத் தூரம் 59 ஹெர்ட்ஸ். சாம்பிளை 20 ஹெர்ட்ஸில் சுழற்றி எடுத்திருந்தால் 20 ஹெர்ட்ஸ் தள்ளி வருபவை சுழற்சியின் வேலை. இவை எதிலும் சேராமல், ஒரு பக்கம் மட்டும் தனியாக நிற்பதைத்தான் மேலாளரிடம் கொண்டுபோக வேண்டும்.

சரி, செயலாக்கம். எத்தனை முறை மாற்றினாலும் மூல எஃப்ஐடி ஃபைல் அப்படியே இருக்கும், தாராளமாகச் சோதிக்கலாம். ஆனால் ஆய்வகம் தந்த ஸ்பெக்ட்ரத்தின் மேலேயே எழுதாதீர்கள். ‘டபிள்யூஆர்பி 2’ என்று நகலெடுத்து, ‘ஆர்இபி 2’ என்று அதற்குள் போய் வேலை செய்யுங்கள். எல்பி (எஃப்ஐடியின் வாலை அடக்கும் அளவு, ஹெர்ட்ஸில்) மதிப்பு வழக்கம்போல் 0.3 என்று இருக்கும். உங்கள் 1.02 விநாடியில் அது கடைசிப் புள்ளியை 38 சதவீதத்துக்குத்தான் குறைக்கும். எல்பியை 1 ஆக்கி ‘இஎஃப்பி’ கட்டளை கொடுங்கள் (எல்பியைப் போட்டு ஃபூரியர் மாற்றம் செய்யும்), கடைசிப் புள்ளி 4 சதவீதத்துக்கு இறங்கும். அப்புறம் ‘ஏபிகே’ கொடுத்து ஃபேஸ் சரிசெய்யுங்கள். நெளிவுகள் பெரும்பாலும் அடங்கிவிட்டால் விஷயம் உறுதி.

எஸ்ஐ (ஸ்பெக்ட்ரத்தின் புள்ளி எண்ணிக்கை) மதிப்பை 8192 ஆகக் குறைத்தாலும் நெளிவு மறைவது போல் தெரியும். அந்த வழியில் போக வேண்டாம். புள்ளிகள் அடர்த்தி குறைவதால் கண்ணுக்குப் படாமல் போகிறதே தவிர, வெட்டு அப்படியேதான் இருக்கிறது. விட்டுப்போன வால் பகுதியை லீனியர் பிரெடிக்‌ஷன் என்ற முறையில் மென்பொருளே ஊகித்து நீட்டவும் வசதி உண்டு. இம்ப்யூரிட்டி அறிக்கைக்கு அதை நான் ஏற்க மாட்டேன். கருவி அளக்காத ஒன்றைத் தணிக்கைக்கு வருபவர் முன்னால் வைக்க முடியாது.

எல்பி 1 கூட நோயறியத்தான், அறிக்கைக்கு அல்ல. அது கோடுகளை ஒரு ஹெர்ட்ஸ் தடிமனாக்கும்; மெத்தாக்ஸியின் காலடியில் உண்மையிலேயே ஓர் இம்ப்யூரிட்டி ஒளிந்திருந்தால் அதையும் சேர்த்து விழுங்கிவிடும். 2.50 பிபிஎம்மில் டிஎம்எஸ்ஓவின் ஐந்து முனை பீக் எவ்வளவு பிரிந்து தெரிகிறது என்று எல்பியை மாற்றும் முன்னும் பின்னும் பாருங்கள், எவ்வளவு இழக்கிறீர்கள் என்பது புரியும்.

ஆகவே மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், டிடி 65536 வைத்து. பதிவு நேரம் 4.1 விநாடி ஆகும், எல்பி 0.3லேயே கடைசிப் புள்ளி 2 சதவீதத்துக்கு வந்துவிடும். 16 ஸ்கேனுக்குக் கூடுதலாக ஆவது 50 விநாடிதான், எந்த ஆய்வகமும் இதற்கு முகம் சுளிக்காது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘டிஆர்’ கொடுத்து, அதுவரை சேர்ந்ததைச் செயலாக்கிப் பார்க்கச் சொல்லலாம், பதிவு நிற்காது. முடிந்ததும் பிடிஎஃப் மட்டும் வாங்காமல், எண் பெயருள்ள ஃபோல்டரை முழுதாக வாங்குங்கள். ‘ஃபிட்’ ஃபைலை மட்டும் அனுப்பினால் அகலமும் ஃபில்டர் தாமதமும் எழுதியிருக்கும் ‘அக்யூஎஸ்’ ஃபைல் அங்கேயே தங்கிவிடும், உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.