சின்ன மாதிரிப் பாலம் தாங்கினால் நிஜப் பாலமும் தாங்குமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. அளவு மாதிரி என்பது நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்வது. பலம் அதே விகிதத்தில் மாறாது. அதே பொருளில் 10 மடங்கு பெரிதாகக் கட்டினால் எடை 1000 மடங்கு கூடும். அதைத் தாங்கும் சட்டங்களின் பலமோ குறுக்குவெட்டுப் பரப்பை, அதாவது குறுக்கே வெட்டினால் தெரியும் முகத்தின் பரப்பைப் பொறுத்தது; அது 100 மடங்குதான் கூடும். எறும்புக்கு நூல் போன்ற கால் போதும், யானைக்குத் தூண் வேண்டும் இல்லையா, அதே கதைதான்.

மாதிரிப் பாலத்தைக் குழுவாகச் செய்யும்போது இன்னொரு தொல்லை உண்டு. இரு பக்கச் சட்டங்களையும் இருவர் தனித்தனியாக ஒட்டினால், 2 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கே பாலம் முறுக்கிக்கொள்ளும். ஒரே வரைபடத்தின் மேல் வைத்து இரண்டையும் ஒட்டுங்கள். அப்புறம், பசையை அள்ளிப் பூசினால் பலம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கூடுவது எடைதான்.