கணவரின் அண்ணன் சொல்லும் விலைக்குத் தலையாட்டாதீர்கள்

கேள்வி: மேடவாக்கத்தில் எங்கள் இருவர் பெயரிலும் ஒரு ஃபிளாட் இருக்கிறது. வீட்டுக் கடன் பாக்கி 38 லட்சம். பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து மனு போடப் போகிறோம். மகளின் பள்ளிக்காக வீட்டை நானே வைத்துக்கொள்ள நினைக்கிறேன். "வீடு 95 லட்சம் போகும். பாதி 47.5 லட்சம் கொடு, கடனை நீயே கட்டிக்கொள்" என்கிறார் கணவரின் அண்ணன். பிரச்னை முடிந்தால் போதும் என்றிருக்கிறது. முதலில் 15 லட்சம் பர்சனல் லோன் எடுத்துக் கொடுத்துவிடட்டுமா? சம்பளம் 90,000 ரூபாய்.

பதில்: வேண்டாம். 'முடிந்தால் போதும்' என்று நினைக்கிறீர்களே, அந்த அவசரம்தான் உங்களைக் கடனில் தள்ளப் பார்க்கிறது. 15 லட்சத்துக்கு 14% வட்டியில் 5 வருடம் என்றால் மாதம் சுமார் 34,900 ரூபாய். வீட்டுக் கடன் தவணை எப்படியும் 37,000 இருக்கும். மிச்சம் 18,000. அதில் மகளை எப்படிப் படிக்க வைப்பீர்கள்?

95 லட்சம் என்பது விற்பவர்கள் விளம்பரத்தில் கேட்கிற விலை. ஆன்லைனில் நொடியில் காட்டும் மதிப்பையும் நம்ப வேண்டாம், அது உங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்ததில்லை. அரசின் வழிகாட்டி மதிப்பு பத்திரச் செலவுக்கானது, அதுவும் உதவாது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை இரண்டு பேரும் சேர்ந்து அமர்த்துங்கள், கட்டணத்தையும் பாதிப் பாதி போடுங்கள். ஒருவர் மட்டும் அழைத்து வந்தால் மற்றவர் அந்த அறிக்கையை ஏற்க மாட்டார். யுடிஎஸ் (நிலத்தில் உங்கள் ஃபிளாட்டுக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கு), கட்டடத்தின் வயது, பக்கத்தில் உண்மையில் கைமாறிய விலை எல்லாவற்றையும் அவர் பார்ப்பார்.

மதிப்பீட்டாளர் 80 லட்சம் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடன் 38 போக மீதி 42. பாதி 21 லட்சம். அண்ணன் கேட்பது 47.5! கடன் கழிக்காமல் பங்கு பிரிப்பது எந்தக் கணக்கு?

இன்னொன்று. முன்பணம் உங்கள் அப்பா கொடுத்ததா? தவணை யார் கணக்கிலிருந்து போனது? வங்கி அறிக்கைகளை எடுத்து வையுங்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லாதபோதுதான் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 45-வது பிரிவு சமபங்கு என்று எடுத்துக்கொள்கிறது. நீங்கள் அதிகம் போட்டதைக் காட்ட முடிந்தால், நீங்கள் தர வேண்டிய 21 லட்சம் இன்னும் குறையலாம்.

சரி, அந்தப் பணத்துக்கு எங்கே போவது? வீட்டுக் கடனையே உங்கள் ஒருவர் பெயருக்கு மாற்றி, கூடுதல் தொகை கேளுங்கள். பழைய கடன் 38, கணவருக்கு 21, ஆக 59 லட்சம், 8.5%, 20 வருடம் என்றால் தவணை சுமார் 51,200. சம்பளத்தில் பாதிக்கு மேல் போகிறது, வங்கி தயங்கலாம். தர மறுத்தால் வீட்டை விற்றுப் பிரித்துக்கொண்டு, பள்ளிக்குப் பக்கத்தில் வாடகைக்குப் போங்கள். உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரியும், ஆனாலும் அதைத்தான் சொல்வேன்.

மதிப்பீட்டை மனு போடுவதற்கு முன்பே முடியுங்கள், ஒப்புக்கொண்ட தொகை மனுவிலேயே இருக்கட்டும். கணவர் தன் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை விவாகரத்து உத்தரவுக்கு முன் பதிவு செய்தால், கணவன் மனைவி என்ற முறையில் குறைந்த முத்திரைக் கட்டணம் போதும். உத்தரவு வந்த பிறகு அந்தச் சலுகை இருக்காது. வங்கியின் சம்மதமும் தேவை, பத்திரம் எழுதியதாலேயே கடனிலிருந்து கணவர் பெயர் போய்விடாது. பணத்தைப் பதிவு நாளன்று, வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். அதுவரை அண்ணன் கையில் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.